‘ஆல்’ தெரிந்த பிள்ளைக்கு ‘இஃப்’ வராதா?

(ஆங்கில ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கில இலக்கணத்தில் பிள்ளைகள் மிரளும் பாடங்கள் எவை என்று கேட்டால், இங்கே இருக்கும் ஆசிரியர்களில் பாதிப் பேராவது ‘இஃப் கிளாஸ்’ என்பீர்கள். நம் ஊர் கைடுகளில் அது ஓர் அட்டவணையாக வரும். முதல் வகை ப்ராபபிள், இரண்டாம் வகை இம்ப்ராபபிள், மூன்றாம் வகை இம்பாசிபிள். எந்த வகைக்கு எந்தக் காலம், அதற்கு வில்லா, வுட்டா, வுட் ஹாவா என்று கட்டம் கட்டியிருக்கும். பிள்ளை அதைப் பெருக்கல் வாய்ப்பாடு போல ஒப்பித்துவிடும். கோடிட்ட இடத்தையும் நிரப்பிவிடும். மதிப்பெண்ணும் வந்துவிடும். அதே பிள்ளையிடம் மைதானத்தில் போய், நாளைக்கு மழை வந்தால் என்ன செய்வாய் என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். ‘ரெயின் கமிங் மீன்ஸ், ஐ நாட் கமிங் சார்’ என்று பதில் வரும்.

சிரிக்கிறீர்கள். அந்த ‘மீன்ஸ்’ சிரிப்புக்கு உரியதல்ல. அதற்குள்ளே ஓர் ஒழுங்கான இலக்கணம் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். நிபந்தனை என்பது பள்ளிக்கூடம் கற்றுத்தரும் சரக்கு அல்ல. பிள்ளை அதைத் தாய்மொழியில் முழுசாகக் கையில் வைத்துக்கொண்டுதான் முதல் வகுப்புக்கு வருகிறது. நாம் அதைக் கண்டுகொள்ளாமல், காலிப் பாத்திரத்தில் அட்டவணையை ஊற்றுகிறோம்.

வீட்டில் ஒரு சாயங்காலம் காதைத் திறந்து வைத்திருங்கள். ‘சாப்பிட்டாத்தான் செல்போன்.’ ‘ஹோம்வொர்க் முடிச்சா பார்க்குக்குப் போகலாம்.’ ‘அழுதா பூச்சாண்டி வருவான்.’ இத்தனையும் அம்மா அப்பா சொல்வது. பிள்ளை மட்டும் சும்மா இருக்கிறதா? ‘நீ குடுக்கலேன்னா ஆச்சிகிட்ட சொல்லுவேன்’ என்கிறது. நான்கு வயதில் பேரம், மிரட்டல், வாக்குறுதி மூன்றும் வந்துவிடுகின்றன. மூன்றுமே நிபந்தனை வாக்கியங்கள்தான்.

‘அதெல்லாம் சரி, நடக்காத ஒன்றை நினைத்துப் பார்த்துப் பேசுவது பெரிய பிள்ளைகளுக்கே கஷ்டமாயிற்றே’ என்று சிலர் கேட்கலாம். 1996-ல் பால் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒரு சின்னக் கதை சொன்னார்கள். தரை பளிச்சென்று இருக்கிறது. கேரல் என்ற சிறுமி சேற்றுக் காலணியைக் கழற்றாமல் உள்ளே நடந்து வருகிறாள். தரை அழுக்காகிவிட்டது. கேரல் காலணியைக் கழற்றியிருந்தால் தரை அழுக்காகியிருக்குமா? மூன்று வயதுக் குழந்தைகளில்கூடப் பெரும்பாலோர் சரியாகவே பதில் சொன்னார்கள். செருப்பை வாசலில் விடு என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டிருந்தால் கதையே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு விவாதத்தையும் சொல்ல வேண்டும். 1981-ல் ஆல்பிரட் புளூம் என்ற அமெரிக்கர் ஒரு புத்தகம் எழுதினார். நடக்காததை நடந்ததாகக் கொண்டு பேசுவதற்குச் சீன மொழியில் ஆங்கிலத்தைப் போலத் தனி வினை வடிவம் இல்லை. ஆகவே சீன மொழி பேசுவோருக்கு அப்படிச் சிந்திப்பது கடினமாக இருக்கிறது என்பது அவர் வாதம். இரண்டே ஆண்டில், 1983-ல், டெரி ஆவ் என்ற ஆய்வாளர் அதை மறுத்தார். புளூம் கொடுத்த சீனக் கதைகள் சீனம் போலவே இல்லை, அதுதான் சிக்கல் என்றார். கதையை இயல்பான சீனத்தில் எழுதிக் கொடுத்தபோது வாசித்தவர்களுக்குப் பெரிய தடுமாற்றம் எதுவும் இல்லை. பிள்ளைக்குப் புரியவில்லை என்று நாம் சொல்லும் பல இடங்களில் நம் கேள்வியின் மொழிதான் கோணலாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நம் மொழிக்கு வருவோம். ‘வந்தால்’, ‘போனால்’, ‘பெய்தால்’. இந்தச் சொற்களைப் பிரித்துப் பாருங்கள். வந்தான், வந்தால். போனான், போனால். பெய்தது, பெய்தால். ‘ஆல்’ ஒட்டிக்கொள்ளும் அடி, இறந்தகால அடி. நாளைக்கு நடக்கப்போகிற காரியத்துக்கு நேற்றைய வினையடியைத் தூக்கி வைத்துப் பேசுகிறோம். ‘நாளைக்கு மாமா வந்தா’ என்று சொல்லும் எந்தப் பிள்ளையும் ‘நாளைக்கு’ப் பக்கத்தில் இறந்தகாலம் எப்படி வந்தது என்று திகைப்பதில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ‘இஃப் ஹி கேம் டுமாரோ’ என்ற வாக்கியத்தைப் பார்த்ததும் நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை திகைக்கிறது. கேம் என்றால் வந்தான், டுமாரோ என்றால் நாளை, இது எப்படிச் சேரும் என்கிறது. அந்த நேரத்தில் கரும்பலகையில் ‘நாளைக்கு வந்தால்’ என்று எழுதி, ‘வந்த்’ என்பதற்கு அடியில் ஒரு கோடு போடுங்கள். போதும். பாதிப் பாடம் முடிந்தது.

இன்னொரு பிழையும் இங்கேயே தீரும். ‘இஃப் இட் வில் ரெயின்’ என்று எழுதுகிறார்கள் அல்லவா? மழை இனிமேல்தானே பெய்யப்போகிறது, எதிர்காலம்தானே, அதனால் வில் போட்டேன் என்பார்கள். ‘பெய்தால்’ என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். ‘பெய்தால்’ பக்கம் எதிர்காலம் இல்லை; ‘வரமாட்டேன்’ பக்கம்தான் இருக்கிறது. ஆங்கிலமும் அதே பங்கீடுதான் செய்கிறது. ‘இஃப் இட் ரெயின்ஸ், ஐ வோன்ட் கம்.’ வில்லுக்கு இடம் அந்தப் பக்கம்.

மூன்றாம் வகை என்று பிள்ளைகளை நடுங்க வைக்கிறோமே, அதுதான் தமிழ்ப் பிள்ளைக்கு மிகச் சுலபமானது. ‘நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்.’ ‘இஃப் யூ ஹேட் டோல்ட் மி, ஐ வுட் ஹாவ் கம்.’ ‘இருந்தால்’ இருக்கும் இடத்தில் ஹேட், ‘இருப்பேன்’ இருக்கும் இடத்தில் வுட் ஹாவ். அச்சு அசலாகப் பொருந்துகிறது. அங்கே பிள்ளை தடுமாறுவது நிபந்தனையால் அல்ல. டெல், டோல்ட், கோ, வென்ட், கான் என்ற வினைகளின் மூன்றாம் வடிவம் தெரியாததால். அதை உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆனால் அந்தக் குற்றத்தை ‘இஃப்’ தலையில் கட்டாதீர்கள்.

உண்மையான சிக்கல் எங்கே என்றால், முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் நடுவில். ‘இஃப் ஐ ஹாவ் மணி’, ‘இஃப் ஐ ஹேட் மணி’. தமிழில் இரண்டுக்கும் ‘பணம் இருந்தால்’ ஒன்றுதான். பணம் இருக்கக்கூடும் என்று சொல்கிறானா, இல்லாத பணத்தைக் கனவு காண்கிறானா என்பதை நம் வினை காட்டாது. அப்படியானால் தமிழன் அந்த வேறுபாட்டைக் காட்டுவதே இல்லையா? காட்டுகிறான். ‘எங்கிட்ட மட்டும் பணம் இருந்தா…’ என்று இழுக்கிறான். ‘எனக்கு மட்டும் றெக்கை இருந்தா…’ அந்த ‘மட்டும்’ தனியாள் என்று சொல்ல வந்த மட்டும் அல்ல, ஏக்கத்தின் மட்டும். வாய் தானாக ‘மட்டும்’ போடும் இடத்தில் ஆங்கில வினை ஒரு படி பின்னால் போகும் என்று சொல்லிக்கொடுங்கள். ஹாவ் என்பது ஹேட் ஆகும், கேன் என்பது குட் ஆகும், வில் என்பது வுட் ஆகும். ‘நீ மட்டும் அங்க போனே, பாரு’ என்ற மிரட்டலில் வருவது வேறு மட்டும். அதைப் பிள்ளைகளே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். நம்மைவிட அவர்களுக்கு மிரட்டல் அத்துப்படி.

வகுப்பில் இதைச் செய்து காட்ட ஒரே ஒரு சாக்பீஸ் போதும். கையை நீட்டி, இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘இஃப் யூ ட்ராப் சாக், இட் பிரேக்ஸ்.’ இது எப்போதும் எங்கும் நடப்பது. இரண்டு பக்கமும் நிகழ்காலம். அடுத்து, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மேசைக்கு மேலே கையைக் கொண்டுபோங்கள். ‘இஃப் ஐ ட்ராப் திஸ், இட் வில் பிரேக்.’ இது இந்த ஒரு சாக்பீஸின் விதி. வகுப்பு உங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும். போடாதீர்கள். ‘இஃப் திஸ் வேர் எ லட்டு…’ என்று நிறுத்துங்கள். பிள்ளைகள் முடித்துக்கொள்வார்கள். ‘ஐ வுட் ஈட் இட்.’ ‘ஐ வுட் ஹைட் இட்.’ பின்வரிசையிலிருந்து ‘ஐ வுட் செல் இட்’ என்று ஒரு வணிகர் குரல் கொடுப்பார். சாக்பீஸ் லட்டு அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் வேர் வந்தது, ஏன் வுட் வந்தது என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இப்போது விரலை விடுங்கள். சாக்பீஸ் விழுந்து இரண்டாக உடையும். குற்றவாளி நீங்கள். பிள்ளைகள் உங்களைச் சுட்டிக்காட்டிச் சொல்ல வேண்டிய வாக்கியம்: ‘இஃப் யூ ஹேடன்ட் ட்ராப்ட் இட், இட் வுடன்ட் ஹாவ் புரோக்கன்.’ ஆசிரியரைக் குற்றம் சாட்டக் கிடைத்த வாய்ப்பை எந்த வகுப்பும் நழுவவிடாது. எப்போதும் நடப்பதையும் சேர்த்து நான்கு வகையும் முடிந்தபிறகு அட்டவணையைப் பலகையில் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. தொகுத்துக்கொள்ள அட்டவணை நல்லது. தொடங்குவதற்கு அது ஆகாது.

நம் பாட நூல்களின் உதாரணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இஃப் யூ வொர்க் ஹார்ட், யூ வில் பாஸ்.’ ‘இஃப் யூ ஆர் ஆனஸ்ட், யூ வில் பி ரெஸ்பெக்டட்.’ பத்து வாக்கியத்தில் ஒன்பது அறிவுரை. இஃப் என்ற சொல்லைக் கண்டாலே பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் ஞாபகம் வருகிறது.

அடுத்தது அன்லெஸ். இது தனிக் கதை. அன்லெஸ் என்றால் இஃப் நாட் என்று சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளை அதை ‘இல்லாவிட்டால்’ என்று பிடித்துக்கொண்டு, எதிர்மறைச் சொல் எங்கே என்று தேடி, ‘அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்’ என்று எழுதுகிறது. இரண்டு எதிர்மறை. படித்தால் தோற்றுப்போவாய் என்று அர்த்தம் வருகிறது. சில பிள்ளைகள் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்ளக்கூடும்.

வேறு வழி இருக்கிறது. ‘சாப்பிட்டாத்தான் செல்போன்’ என்ற வாக்கியத்தை எடுங்கள். அந்த ‘ஆல்தான்’ என்பதுதான் அன்லெஸ் இருக்கும் இடம். ‘யூ வோன்ட் கெட் த போன் அன்லெஸ் யூ ஈட்.’ ‘சாப்பிட்டால்’ என்பதில் எதிர்மறை இல்லை. ‘அன்லெஸ் யூ ஈட்’ என்பதிலும் இல்லை. எதிர்மறை மறுபக்கம் ‘வோன்ட்’டில் உட்கார்ந்திருக்கிறது. ‘தான்’ போட்டுச் சொல்ல வருகிறதா, அன்லெஸ் வரும். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை இரட்டை எதிர்மறையில் விழாது.

தமிழாசிரியர் யாராவது அவையில் இருந்தால் இதற்குத் துணைக்கு அழைக்கிறேன். திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பத்துக் குறளில் பெரும்பாலானவை மழை பொய்த்தால் என்ன ஆகும் என்ற நிபந்தனையில் நிற்பவை. இன், கால், ஏல், எனின் என்று வகைவகையாக நிபந்தனைச் சொற்களைக் கையாள்கிறார் வள்ளுவர். ஆறாவது குறளில் ‘அல்லால்’ வருகிறது. மழைத்துளி விழுந்தாலல்லாமல் பசும்புல்லின் தலையைக்கூடக் காண முடியாது என்பது கருத்து. அப்படியே அன்லெஸ். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வாரத்தில் இதைச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆசிரியர் அறையில் இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில்தானே உட்காருகிறீர்கள்?

‘மீன்ஸ்’ பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ‘என்றால்’ என்பது நமக்கு இரண்டு வேலை செய்கிறது. ‘பட்டாங்கு என்றால் என்ன?’ என்னும்போது பொருள் கேட்கிறது. ‘நீ வருகிறாய் என்றால் நானும் வருகிறேன்’ என்னும்போது நிபந்தனை இடுகிறது. முதலாவதற்கு ஆங்கிலத்தில் மீன்ஸ் என்று பிள்ளை கற்றுக்கொண்டது. அதையே இரண்டாவதற்கும் வைத்துப் பேசுகிறது. ‘யூ ஆர் கமிங் மீன்ஸ், ஐ வில் கம்.’ தமிழ் வாக்கியத்தின் கடைசியில் ‘என்றால்’ நிற்கும் அதே இடத்தில் மீன்ஸ் நிற்கிறது, பாருங்கள். இது சோம்பேறித்தனமான பிழை அல்ல. ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றிய பிழை. திட்டினால் போகாது. நிபந்தனை அடையாளம் தமிழில் கடைசியில் வருகிறது, ஆங்கிலத்தில் முதலில் வருகிறது என்று காட்டினால் போகும். பிள்ளை மீன்ஸ் என்றதும், ‘அதைத் தூக்கி முன்னால் போடு, இஃப் ஆக மாற்று’ என்று விளையாட்டாகவே செய்யலாம்.

இந்த முன்பின் விவகாரம் காதுக்கும் முக்கியம். தமிழில் வாக்கியத்தின் பாதி வரை கேட்டுத்தான் இது நிபந்தனை என்று தெரிகிறது. ஆங்கிலத்தில் முதல் சொல்லே சொல்லிவிடுகிறது. அதே சமயம் ஆங்கிலத்தில் நிபந்தனையைப் பின்னாலும் வைக்கலாம்: ‘ஐ வில் கம் இஃப் யூ கம்.’ இஃப் முன்னால் வந்தால் நடுவில் காற்புள்ளி, பின்னால் வந்தால் வேண்டாம். இஃப் முன்னால் நிற்பதற்கு ஓர் உதாரணம், ரட்யார்ட் கிப்ளிங்கின் ‘இஃப்’ என்ற கவிதை. அது 1910-ல் ஒரு நூலில் வந்தது. பல பள்ளிச் சுவர்களில் மாட்டியிருக்கிறார்கள். 32 வரி. இப்படி இருக்க முடிந்தால், அப்படி இருக்க முடிந்தால் என்று நிபந்தனையாக அடுக்கிக்கொண்டே போய், முடிவைக் கடைசி இரண்டு வரிக்குத் தள்ளியிருக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு முடிவுக்காகக் காத்திருக்கும் அந்த வரிசை நம் பிள்ளைகளுக்குப் பழகியதுதான். கவிதை சொல்லும் அறிவுரை எனக்கு அவ்வளவாக ஒட்டாது. வாக்கிய அமைப்புக்காக வகுப்பில் காட்டலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்லது லாரா நியூமராஃப் எழுதி 1985-ல் வந்த எலியும் பிஸ்கட்டும் கதை. எலிக்கு ஒரு குக்கீ கொடுத்தால் பால் கேட்கும், பால் கொடுத்தால் உறிஞ்சுகுழாய் கேட்கும் என்று சங்கிலியாகப் போய்க்கொண்டே இருக்கும். நம் ஊரில் ஈ தன் பெயரை மறந்த கதையைக் கேட்ட பிள்ளைக்குச் சங்கிலிக் கதை புதிதல்ல. வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கு ஒரு கண்ணியாகச் சொல்லவிடுங்கள். ‘இஃப் யூ கிவ் எ கிரோ எ வடை…’ என்று தொடங்கிவிட்டால் போதும், காக்கா எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியாது.

இஃப்போடு குழம்பும் இன்னொன்று இன் கேஸ். ‘எதுக்கும் குடையை எடுத்துட்டுப் போ’ என்று பாட்டி சொல்வது அதுதான். ‘டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்.’ மழை வருகிறதோ இல்லையோ, குடை கையில் இருக்கும். ‘டேக் அன் அம்ப்ரெல்லா இஃப் இட் ரெயின்ஸ்’ என்றால் மழை வந்த பிறகுதான் குடை. ‘எதுக்கும்’ என்ற ஒரு சொல்லைக் காட்டினால் இந்த வேறுபாடு புரிந்துவிடும். ‘பெய்தாலும்’ என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ‘மழை பெய்தாலும் போவேன்’ ஈவன் இஃப்; ‘மழை பெய்தாலும் போனேன்’ ஆல்தோ. முடிவு வினையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘இஃப் ஐ வாஸ்’ சரியா, ‘இஃப் ஐ வேர்’ சரியா என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்பார்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர்களே பேச்சில் இரண்டையும் சொல்கிறார்கள். ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதை ஒரே சொல்லாக மனப்பாடம் செய்ய வையுங்கள். தேர்வில் வேர் எழுதச் சொல்லுங்கள். பேச்சில் வாஸ் வந்தால் நடுவில் மறித்துத் திருத்தாதீர்கள். என் தீர்ப்பு அவ்வளவுதான்.

இன்றைக்கு நான் சொன்ன எதுவும் வானத்திலிருந்து குதித்தது அல்ல. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்ப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமல், பிள்ளைகளுக்கு வேலைகளைக் கொடுத்தார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்துப் பயணத்தைத் திட்டமிடு, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்பது போல. விடையைக் கண்டுபிடிப்பதில் மூழ்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கருத்து. 1987-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் இன்றும் படிக்கும் அந்தச் சோதனை நம் ஊர் வகுப்பறைகளில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு ரயில் அட்டவணையைக் கொடுத்து, ‘இந்த வண்டியைத் தவறவிட்டால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் இஃப் வருவதற்கு அங்கே இயல்பான இடம் இருக்கிறது. முழுக்க அவர் வழியே போக நான் சொல்லவில்லை. பொதுத்தேர்வு இருக்கும் நாட்டில் அட்டவணையும் வேண்டியிருக்கிறது. ஆனால் வேலை முதலில் வரட்டும், அட்டவணை பின்னால் வரட்டும்.

கடைசியாக, வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆசிரியர் எப்படி நடத்தினாலும், கேள்வி எப்படி வருகிறதோ அப்படித்தான் வகுப்பு நடக்கும். கோடிட்ட இடத்தை நிரப்பு என்று கேட்கும்வரை கட்டம் போட்ட கைடுதான் ஜெயிக்கும். அதில் ஒரு கேள்வியையாவது எடுத்துவிட்டு, ஒரு சின்ன நிலைமையைக் கொடுங்கள்: பேருந்து வரவில்லை, நாளை சுற்றுலா, நண்பன் உன் பேனாவைத் தொலைத்துவிட்டான். இஃப் வைத்து இரண்டு வாக்கியம், அன்லெஸ் வைத்து ஒன்று, பிள்ளை சொந்தமாக எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தாலும் நிபந்தனை சரியாக இருந்தால் மதிப்பெண் கொடுங்கள். இந்த ஆண்டு அரையாண்டுத் தேர்விலேயே இதைத் தொடங்கலாம்.